வெர்வெல்டேயின் ஒயின் சிவப்பு

வீர்லே டாபலார் இன்னும் நெய்யாத கம்பளங்களுக்குப் படம் தயாரிப்பவள். கம்பள ஆலையில் தறி நூலைத் தொட்டிருக்காது. அதற்குள் அந்தக் கம்பளம் ஒரு வரவேற்பறையில் விரிந்து, மேலே ஒரு நாற்காலி நின்று, சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுவது போன்ற படம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெளிச்சம் எங்கே பட்டு எப்படித் தெறிக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு அந்தப் படத்தை உண்டாக்குவதுதான் அவள் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அதையே செய்கிறாள். அத்தனை வருஷமும் அவள் உயிரை வாங்கியது ஒரே கேள்வி. "ஏன் என் போன்ல வேற மாதிரி தெரியுது?"

நிறத்துக்காகத் திட்டு வாங்குவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்தான். அப்பா கசாப்புக்கடை வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே இளஞ்சிவப்பு விளக்கு எரியும். அதன் கீழே கொத்துக்கறி பூ மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் பழுப்பு. "கடையில செவப்பா இருந்துச்சே!" என்று யாராவது திரும்பி வந்தால் அப்பாவுக்கு உடனே பின்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். கல்லாவில் நின்ற வீர்லேதான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊர் கால்பந்துக் கிளப்பின் சட்டைப் படத்தைச் செய்து தரச் சம்மதித்தபோதே அவளுக்கு இது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வெர்வெல்டே கிளப்பின் நிறம் ஒயின் சிவப்பு. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஹாஸ்டெகெம்காரர்கள் அவர்களை 'பீட்ரூட்' என்பார்கள். அதற்கு யாரும் வருத்தப்பட்டதில்லை. பீட்ரூட் வெர்வெல்டேயில் நன்றாகவே விளையும். கிளப்பின் ஆண்டு விழாவுக்குப் புதுச் சட்டை அறிவிப்பதாக ஏற்பாடு. தைக்கிற இடத்தில் தாமதமாகிவிட்டது. தலைவர் கிஸ்லேன் போஸ்டூன், உறைந்த உருளைக்கிழங்கு வறுவல் ஆலை முதலாளி, நேரே வீர்லேயின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நெய்யாத கம்பளத்துக்கே படம் காட்டுற. தைக்காத சட்டைக்குக் காட்ட மாட்டியா?"

வீர்லேயின் கணவன் வான்னஸ் பால் லாரி ஓட்டுபவன். காப்பிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் பார்க்கவில்லை. பழைய சட்டையின் துணியை வாங்கி வைத்துக்கொண்டு, வாரக்கடைசிகளில் உட்கார்ந்து, நூலிழை நூலிழையாகச் செய்தாள். மடிப்புக்குள் நிழல் விழுந்தது, காலரில் வெளிச்சம் ஏறியது, துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தால் எது துணி எது படம் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. திருப்தியோடு அனுப்பினாள்.

ஞாயிறு மதியம், ஹாஸ்டெகெமோடு ஆட்டம். தூறல். கோல் கம்பத்துக்குப் பின்னால் மின்பலகை நின்றது. மூடிப்போன மரச்சாமான் கடை ஒன்றிலிருந்து பழையதாக வாங்கி, வான்னஸின் மூத்த அண்ணன் ஃபிர்மின் மழையில் ஏணி போட்டுத் தன் கையால் மாட்டியது. ஃபிர்மின் ஓய்வுபெற்ற மின்பணியாளர், மனைவியை இழந்தவர், எழுபது தாண்டியவர். பலகைச் சாவியையும் வீரர்களை ஏற்றிச் செல்லும் வேன் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். அதுவரை பலகையில் வந்ததெல்லாம் கோல் கணக்கும், விளம்பரக்காரரின் மஞ்சள் எழுத்தும்தான்.

முரசு தட்டினார்கள். கிஸ்லேன் ஒலிபெருக்கியில் ஏதோ முழங்கினார். படம் வந்தது.

ரோஸ். சந்தேகமே வேண்டாத ராஸ்பெர்ரி ஐஸ்கிரீம் ரோஸ்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏன்டா, சுடுதண்ணில தொவச்சிட்டீங்களா?" அதன் பிறகு ஹாஸ்டெகெம் கூட்டத்தை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு முறை பந்து வெளியே போகும்போதும், "பாப்பா, பந்தை எடுத்துக் குடு!" என்றார்கள். வெர்வெல்டே தோற்றது. தோல்விக்கும் சட்டைக்கும் சம்பந்தமில்லை, வலது தடுப்பாட்டக்காரன்தான் காரணம். ஆனால் கேன்டீனில் அப்படிப் பேச்சு இல்லை.

"வீர்லே," என்றார் கிஸ்லேன், பீர் கோப்பையைப் பொத்தென்று வைத்து. "நான் ஒயின் கேட்டேன். நீ லெமனேட் குடுத்திருக்க."

"தலைவரே, படம் சரியாத்தான் இருக்கு. பலகைதான் தப்பு."

"பலகைக்கு என்ன கொறச்சல்?" ஃபிர்மின் மூலையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "மஞ்சள் மஞ்சளா வரல? வெள்ளை வெள்ளையா வரல? இத்தனை நாளா எவனாவது ஒரு வார்த்தை சொன்னானா?"

"முழு மஞ்சள், முழு வெள்ளையெல்லாம் எப்படி வெச்சாலும் சரியாத்தான் வரும். நடுவுல இருக்கற நிறம்தான் மாறும். ஒயின் சிவப்பு இருட்டு நிறம், ஃபிர்மின்."

"அதான் எப்படி மாறும்னு கேக்கறேன்."

வீர்லே மூச்சை இழுத்துவிட்டாள். இதை ஆலையில் விற்பனைப் பிரிவுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

"ஒரு மெழுகுவத்தி எரியற அறையில இன்னொண்ணு ஏத்துனா பளிச்சுன்னு தெரியுதுல்ல? நூறு எரியற எடத்துல ஒண்ணு ஏத்துனா எவனுக்கும் தெரியாது. நம்ம கண்ணு அப்படி. இருட்டுலதான் அதுக்குச் சின்ன வித்தியாசம்கூடப் புரியும். அதனால படத்தை எண்ணா எழுதி வைக்கும்போது இருட்டுப் பக்கத்துக்குத்தான் நெறைய எண் ஒதுக்குவாங்க. எழுதறதே கொஞ்சம் வெளுப்பாத்தான் எழுதுவாங்க. காட்டற திரை அதைப் பழையபடி இருட்டாக்கிக்கும். காமான்னு பேரு. உலகத்துல இருக்கற எல்லாத் திரையும் அதைச் செய்யுது. உங்க பலகை மட்டும் செய்யல. எழுதுன வெளுப்பை அப்படியே காட்டுது."

கேன்டீன் சற்று யோசித்தது. ஃபிர்மினும் யோசித்தார்.

"அப்ப நீ வெளுப்பா எழுதாத. பிரச்சினை முடிஞ்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். வீர்லேக்கு எரிச்சல்தான் வந்தது. எரிச்சலுக்கு முக்கியக் காரணம், அவர் சொன்னது முழு முட்டாள்தனமும் இல்லை என்பதுதான்.

அன்று மாலைக்குள் இன்னொரு குடைச்சல். கிளப்பின் இணையப் பக்கத்திலும் அதே படம் ஏறியிருந்தது. அதைப் பார்த்த ரசிகர்கள், "மைதானத்துல ரோஸு, போன்ல பழுப்பு, நம்ம சட்டை என்ன பச்சோந்தியா?" என்று எழுதத் தொடங்கினார்கள். ஒருவன் சட்டைக்குப் பக்கத்தில் மாட்டிறைச்சிக் குழம்பின் படத்தைப் போட்டு, எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தான்.

"எல்லாரும் போன்ல ராத்திரிக்கான மஞ்சள் வெளிச்சத்தைப் போட்டுக்கிட்டுப் பாக்கறாங்க," என்றாள் வீர்லே வான்னஸிடம். "போன்தான் காரணம்."

"எல்லாருமா?" என்றான் வான்னஸ்.

திங்கட்கிழமை ஆலைக் கணினியில் திறந்து பார்த்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கம்பளச் சாயங்களில் சில நிறங்கள் சாதாரணத் திரையின் எல்லைக்குள் அடங்காதவை. அதனால் ஆலையில் மிக அகலமான நிற வெளி ஒன்றில், அதாவது அதிக நிறங்களை அடக்கும் எண் அளவுகோல் ஒன்றில்தான் படங்களைச் சேமிப்பார்கள். அதே எண், அகலமான வெளியில் ஒரு நிறத்தைக் குறிக்கும், குறுகிய வெளியில் வேறொன்றை. எந்த வெளி என்று படத்தோடு ஒரு குறிப்பு போகும். கிளப்பின் இணையப் பக்கம் படத்தைச் சுருக்கும்போது அந்தக் குறிப்பைக் கழற்றி எறிந்திருந்தது. வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் கை ஆலைப் பழக்கத்தில் சேமித்திருக்கிறது. இணையத்துக்குப் போகும் படத்தை மாற்றி அனுப்ப வேண்டியது அவள்தான். பழுப்பு நூற்றுக்கு நூறு அவள் செய்த வேலை.

நேர்மையாகக் கிஸ்லேனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்ப தப்பு உன்னோடது."

"பழுப்பு என்னோட தப்பு. ரோஸு பலகையோடது."

"சரி சரி. உன்னோடதுதானே."

"தலைவரே, ரெண்டும் வேற வேற..."

"நான் உன்னைக் குத்தம் சொல்லலம்மா. ஒத்துக்கிட்டியே, அது போதும்."

போனை வைத்துவிட்டு அவள் ஆலையின் முற்றத்தை மழையில் ஒருமுறை சுற்றி வந்தாள்.

இணையப் படத்தைச் சரிசெய்தாள். பலகைக்கு வேறு வழி தெரியவில்லை. ஃபிர்மின் யாரையும் பலகையின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் விடமாட்டார். அதனால் அவர் சொன்னபடியே, வெளுக்காத படம் ஒன்று தனியாகச் செய்தாள். சாதாரணத் திரையில் பார்த்தால் அது கரி. அந்தப் பலகையில் மட்டும் ஒயின் சிவப்பு. இருட்டுக்கு எண் போதாமல் மடிப்பு நிழல்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது, ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. 'பலகைக்கு மட்டும்' என்று பெயர் வைத்துக் கிஸ்லேனுக்கும் ஃபிர்மினுக்கும் அனுப்பினாள்.

புதன்கிழமை வட்டாரப் பத்திரிகையில் செய்தி வந்தது. கிஸ்லேன் கடைசியாக வந்த படத்தைத்தான் அனுப்பியிருந்தார். கடைசியாக வந்ததுதானே சிறந்ததாக இருக்கும்! அச்சில் அது இன்னும் கொஞ்சம் இருண்டது. 'வெர்வெல்டேயின் புதிய சட்டை' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு கறுப்புச் சட்டை. ரொட்டிக்கடையில் ஹாஸ்டெகெம்காரி ஒருத்தி வீர்லேயின் கையைப் பிடித்து, மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: "யாரும்மா தவறிட்டாங்க?"

அன்று மாலை பயிற்சி முடிந்த நேரம் வீர்லே கேன்டீனுக்குள் நுழைந்தபோது காது வரை சிவந்திருந்தாள். அந்தச் சிவப்பை மட்டும் எந்தத் திரையும் சரியாகவே காட்டியிருக்கும். கிஸ்லேன் ஊரில் இல்லை. அகப்பட்டது ஃபிர்மின்.

"அந்தப் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு தடவை பாக்க விடுங்கன்னு கேட்டேனா இல்லையா?"

"எதுக்கு? பலகை நல்லாத்தான் இருக்கு."

"நல்லாவா? ஊரே ரோஸுன்னு சிரிக்குது, நல்லாவா?"

"எனக்கு ரோஸாத் தெரியல."

"உங்களுக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா, ஃபிர்மின்?"

அதைச் சொன்னதும் அவர் திருப்பிக் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றினார். பலகைச் சாவி, வேன் சாவி, இரண்டையும் கவுன்டரில் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவுக் கைப்பிடியை ஒரு தடவை தடவித் தேடி, வெளியே போனார்.

சனிக்கிழமை வெளியூர் ஆட்டம். வேன் ஓட்ட ஆளில்லாமல் வீரர்கள் நான்கு பேருடைய கார்களில் பிதுங்கிக்கொண்டு போனார்கள், கோல்காப்பாளன் வேறொரு ஊருக்குப் போய்விட்டுப் பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்தான். கிஸ்லேன் வீர்லேக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. வான்னஸுக்குச் செய்தார்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா," என்றான் வான்னஸ். "எங்கண்ணன் பிடிவாதக்காரன்தான். ஆனா கண்ணைப் பத்தி யாரும் அவன்கிட்ட அப்படிப் பேசினது இல்ல."

"நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. போயிட்டு வான்னு சொன்னேன்."

ஆப்பிள் கேக் ஒன்றைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க எதை எப்படிச் சொன்னால் தான் தோற்றதாகாது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

ஃபிர்மின் கதவைத் திறந்துவிட்டு உள்ளே நடந்தார். சமையலறையில் வீர்லே கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கூரையில் பட்டறை விளக்கு மாதிரி ஒன்று எரிந்தது, மேசை மேல் இன்னொன்று. ஆனால் சன்னல் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. தொலைக்காட்சியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள், முகமெல்லாம் மாவு பூசினது போல, மூக்கு இருக்கும் இடமே தெரியாமல். ஃபிர்மின் அதை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். காலில் செருப்பு இல்லை. ஒரு காலுறை கறுப்பு. மற்றது கிளப்பின் ஒயின் சிவப்பு.

"காலுறை மாத்திப் போட்டிருக்கீங்க," என்றாள் வீர்லே, பேச்சைத் தொடங்க வேறெதுவும் கிடைக்காமல்.

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டும் கறுப்புதானே?"

தயாரித்து வந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது. அவர்தான் பேசினார், தொலைக்காட்சியைப் பார்த்தபடி.

"பெட்டியில ஒரு எண் இருந்துச்சு. ரெண்டுக்கும் மேல ஏதோ. அதுல வெச்சா எல்லாம் இருட்டா இருந்துச்சும்மா. சோதனைக்கு நம்ம பழைய சட்டை படத்தைப் போட்டுப் பாத்தேன். சட்டையே தெரியல, கறுப்புப் பலகை மாதிரி. ஒண்ணுக்கு எறக்கினேன். பளிச்சுன்னு வந்துச்சு."

"எப்பலேருந்து இப்படித் தெரியுது?"

"என்ன தெரியுது?"

"ஃபிர்மின்."

அவர் கேக்கின் காகிதத்தை மடித்தார், பிரித்தார். "எதிர்ல வண்டி வந்தா வெளக்கு மொத்தமும் கண்ணுக்குள்ள உடைஞ்சு சிதறுது. குளிர்காலம் பொறந்ததுலேருந்து. வேனை மெதுவாத்தான் ஓட்டறேன்."

"பசங்களை வெச்சுக்கிட்டா?"

"மெதுவாத்தான்னு சொன்னேன்ல!"

வீர்லேக்கு ஒரே நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ளவும் அந்தக் கேக்கை எடுத்து அவர் மேல் வீசவும் தோன்றியது. பதினேழு பையன்களை அந்த வேனில் வைத்து, விளக்கு உடைந்து சிதறுகிற கண்ணோடு, குளிர்காலம் முழுக்க. அவளும் அதில் போயிருக்கிறாள்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தா வண்டி ஓட்டாதேம்பான். வண்டி ஓட்டலைன்னா கிளப்புல எனக்கு என்ன வேலை? பலகையா? அதுதான் ரோஸா இருக்காமே."

கண்புரைதான். ஆஸ்பத்திரிக்கு வீர்லேதான் அழைத்துப் போனாள். வழியெல்லாம் அவள் கியர் மாற்றுகிற விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் படம் போட்டுக் காட்டி, கண்ணின் வில்லை மங்கிப் பழுத்துப்போயிருக்கிறது, உள்ளே போகிற வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, நீலத்தைத் தின்றுவிடுகிறது என்றார். ஃபிர்மின் வீர்லே பக்கம் திரும்பி, "உன்னை மாதிரியே பேசறாரு. ஒண்ணும் புரியல," என்றார்.

கிளப்பில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு முதுகு வலி என்றாள். சாவியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, அந்த வேனைத் தானே ஓட்டினாள். பையன்கள் அவள் மேல் சேற்றுக் காலணி வாசனையை ஏற்றி அனுப்பினார்கள். பெட்டியின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாற்றலாம், சாவி கையில் இருந்தது. அவர் வந்து தன் கையால் மாற்றட்டும் என்று விட்டுவிட்டு, பலகைக்குக் கரிப்படத்தையே ஓட்டினாள். இது பெருந்தன்மையா, அழுத்தமா என்று வான்னஸ் கேட்டான். பாத்திரம் கழுவச் சொன்னாள்.

இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து அறுவை முடிந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில் போன்.

"வீர்லே, என் சமையலறைச் சுவர் என்ன நிறம்?"

"வெள்ளை."

"எப்பலேருந்து?"

"நீங்க அடிச்ச நாள்லேருந்து."

"நான் கிரீம்னுல்ல நெனச்சேன். மேசை மேல இவ்வளவு தூசி இருக்கு. நீ வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அடுத்த ஞாயிறு அவர் மைதானத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். முதுகு எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எந்த முதுகு என்று முழித்துவிட்டு, வீர்லே முறைத்ததும், பரவாயில்லை என்றார். வீர்லேயிடம் சாவியை வாங்கி, ஏணியில் ஏறிப் பலகையைப் போட்டார். சோதனைப் பட்டியலில் முதலில் இருந்தது பழைய சட்டையின் படம். அது வந்ததும் ஏணியிலிருந்தே அலறினார்.

"இது என்ன கண்றாவி! ரோஸு! யாரு இப்படி வெச்சது?"

கேன்டீன் வாசலில் நின்றவர்கள் வீர்லேயைப் பார்த்தார்கள். அவள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான்."

"நானா? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

கிஸ்லேன் எதையோ சொல்ல வாயெடுத்து, வீர்லேயின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

ஃபிர்மின் பெட்டியைத் திறந்து எண்ணை ஏற்றினார். பழைய சட்டை மெல்ல ஒயின் நிறத்துக்கு இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் திருப்தியோடு அடுத்த படத்துக்குப் போனார், புதுச் சட்டைக்கு. அது கரிப்படம். இப்போது பலகையும் தன் பங்குக்கு இருட்டாக்க, மொத்தமும் ராத்திரி வானம் மாதிரி ஆனது.

"வீர்லே! என்ன படம்மா குடுத்திருக்க? ஒண்ணுமே தெரியல!"

"அது உங்க பழைய எண்ணுக்குச் செஞ்ச... ஐயோ கடவுளே, இருங்க, வரேன்."

மழையில் ஓடி, காரிலிருந்து கணினியை எடுத்து வந்து, சரியான படத்தை ஏற்றினாள். வந்தது. மடிப்பில் நிழல், காலரில் வெளிச்சம், கோடு இல்லை, பட்டை இல்லை. எதிர்ப்பக்கத்தில் அன்றைக்கு வந்திருந்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். அவர்கள் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கிஸ்லேன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா முன்னாடி இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்துச்சு, இல்ல?"

வீர்லே கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். வான்னஸ் சாயங்காலம் வந்து, ஜெயித்துவிட்டோம் என்றான். அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் தேவைக்கு அதிகமான வேகத்தில்.

போன் அடித்தது. ஃபிர்மின்.

"உங்க ஆலைக் கம்பளம் ஒண்ணைக் கடையில பாத்தேன். அந்த நீலம் படத்துல இருக்கற மாதிரி இல்லம்மா. நாளைக்கு வந்து சொல்லட்டுமா?"